சாலை பஜாரில் என்னை உமா என்று கூப்பிட்டார்கள்

போன ஐப்பசியில் வங்கியில் எனக்கு இரண்டு நாள் விடுப்பு மிச்சமிருந்தது. எடுக்காவிட்டால் வீணாகிவிடும். இந்த வலைப்பூவைப் படிப்பவர்களில் பலர், "திருவனந்தபுரத்துக் கோயிலைப் பற்றியும் கடற்கரையைப் பற்றியும் நிறையப் படித்துவிட்டோம், அங்கே என்ன சாப்பிடலாம் என்று எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். மழைக்காலம் என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். நான் மதுரையில் ரயிலேறிவிட்டேன்.

திருவனந்தபுரத்தில் நடந்தபடியே சாப்பிடும் சுற்றுலா ஒன்று இருப்பதாகத் தோழி சொல்லியிருந்தாள். பழைய கடைகளுக்கு வழிகாட்டி ஒருவர் கூட்டிப்போவார், ஒவ்வொரு இடத்திலும் ஒரு பண்டம், மொத்தம் இரண்டு கிலோமீட்டர் நடை, சாப்பாட்டோடு சேர்த்து ஆளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். தொலைபேசியில் பேசிய வழிகாட்டி சிவகுமார் நல்ல தமிழ் பேசினார். பூர்வீகம் நாகர்கோவிலாம். "மழை பெய்யும் கேட்டோ, குடை மறக்காதீங்க" என்றார். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கேகோட்டை ஒரு கிலோமீட்டர்தான். பையைத் தங்குமிடத்தில் போட்டுவிட்டு நடந்தே போய்விட்டேன். மாலை மூன்றரைக்குக் கோட்டை வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு.

எனக்கு முன்பே பெங்களூரிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த நாற்பது வயதுக்காரர்தான் சிவகுமாராக இருக்க வேண்டும் என்று நினைத்து, "சிவகுமார் சாரா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த பாட்டில் கீழே விழுந்து உருண்டு, நின்றிருந்த பேருந்தின் அடியில் போய்விட்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சேச்சி இதுக்கு முந்தி இங்க வந்திருக்கீங்களா?"

"இல்லை சார், முதல் தடவை."

"சொந்தக்காரங்க ஆராவது இங்க? சாலை பஜாரில? நாகர்கோவில் பக்கம்?"

"மதுரைக்குத் தெற்கே எங்களுக்கு யாருமே இல்லை."

தலையாட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. பண்டங்களின் கதையை அந்தத் தம்பதியிடம் சொன்னார். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என் செருப்பைப் பார்த்துச் சொன்னார். சிலருக்குக் கூச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நிறுத்தம் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடை. ரசத்தில் ஊறிய பருப்பு வடையும் டீயும். ரசவடை என்கிறார்கள். இந்த ஊருக்குப் போனால் தவறவிடாதீர்கள், மிளகுக் காரம் மூக்கு வரை ஏறும். கடைக்காரர் தம்பதிக்குக் கையில் டீ கொடுத்தார். என் முறை வந்ததும் கிளாஸை நீட்டியவர் அப்படியே நின்றார். பிறகு அதை என் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். அவர் கண்கள் சிவகுமாரிடம் எதையோ கேட்டன. சிவகுமார் லேசாகத் தலையை அசைத்தார், இல்லை என்பதுபோல.

அங்கிருந்து சாலைக்குள் நுழைந்தோம். சாலை என்பது கோட்டைக்கு எதிரே இருக்கும் பெரிய கடைத்தெருவின் பெயர். அரிசி மூட்டை, துணி, இரும்புச் சாமான், காய்ந்த மிளகாய் எல்லாம் ஒரே நெரிசலில். பாதிக் கடைகளில் தமிழ்தான் பேசுகிறார்கள். மேகம் கறுத்து, நாலரை மணிக்கே கடைகளில் விளக்கு எரிந்தது. கூச்சல் காதைப் பிளந்தது. ஆனால் நாங்கள் போகப் போக, எங்களுக்கு முன்னால் அந்தக் கூச்சல் அடங்கிக்கொண்டே வந்தது.

முதலில் என் பிரமை என்றே நினைத்தேன். ஒரு துணிக்கடையிலிருந்து இரண்டு பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். பலசரக்குக் கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். தலையில் மூட்டையோடு எதிரே வந்த சுமைதூக்கும் தொழிலாளி, அவ்வளவு பாரத்தோடு, அசையாமல் நின்றார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பெங்களூர்ப் பெண், "அக்கா, நீங்க சினிமாவில நடிச்சிருக்கீங்களா?" என்று என் தோளில் கைபோட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேந்திரங்காய் வறுக்கும் கடையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் ஒருவர் நின்றிருந்தார். கல்லாவில் அவர் மனைவி. அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு "தெய்வமே" என்றாள். சட்டியில் சிப்ஸ் கருகுகிற வாடை வந்தது. அவள் சூடான சிப்ஸை ஒரு காகிதத்தில் அள்ளி, என் கைமேல் தன் கை பட்டுவிடாதபடி நுனியைப் பிடித்து நீட்டினாள். வாங்கி ஒன்றை வாயில் போட்டேன். நான் மெல்லுவதையே அவள் கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

வெளியே வந்து பத்தடி நடந்திருப்போம். காதுக்குப் பின்னால் ஒரு குரல்.

"உமா!"

திரும்பிவிட்டேன். என் பெயர் வசந்தி. ஆனாலும் காதருகே அப்படி ஒரு சத்தம் கேட்டால் யார்தான் திரும்பமாட்டார்கள்? கூப்பிட்டவர் பாத்திரக்கடையில் வேலை செய்யும் பெரியவர். நான் திரும்பியதும் அவர் முகம் வெளுத்ததை இன்னும் மறக்க முடியவில்லை. கூப்பிடும்போது அவருக்கே அதில் நம்பிக்கை இருந்திருக்காது போல. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே கடைக்குள் போய்விட்டார்.

அதே நேரம் மழை கொட்டத் தொடங்கியது. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும், சம்மந்தி என்கிற மிளகாய்த் துவையலும் விற்கும் ஒரு சின்னக் கடைக்குள் ஒதுங்கினோம். நான் சாப்பிடவில்லை.

"சார், உமா யார்? சொல்லாட்டி நான் இப்பவே ஆட்டோ பிடிச்சுப் போயிடுவேன்" என்றேன்.

கோட்டை வாசலுக்குப் பிறகு சிவகுமார் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "என் வைஃப். இந்த நடையைத் தொடங்கினதே அவதான். தினமும் இதே வழியில ஆளுங்களைக் கூட்டிட்டு வருவா. நான் அப்போ இங்க ஒரு இரும்புக் கடையில கணக்கு எழுதிட்டிருந்தேன். போன மாசியில டெங்கு வந்தது. மூணாம் நாள் போயிட்டா."

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பொன்முடியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, நான் ஒருநாளும் கட்டாத பச்சைச் சேலையில், நான் ஒருநாளும் நிற்காத இடத்தில், நான் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. படத்தை எட்டிப் பார்க்க என் தோளில் கைவைத்திருந்த பெங்களூர்ப் பெண் மெல்லக் கையை எடுத்துவிட்டாள்.

"பார்த்ததுமே மழைன்னு சொல்லி கேன்சல் பண்ணியிருக்கணும்" என்றார் சிவகுமார். "பண்ணல. கொஞ்ச நேரம் கூட நடக்கட்டும்னு தோணிப்போச்சு. தப்புதான். ஆனா சேச்சி, கடைசி இடம் என் வீடு. அக்காதான் போளியும் பால்பாயசமும் பண்ணுவாங்க. மோள் இருக்கா, ஒன்பது வயசு. அவ உங்களைப் பார்க்க வேண்டாம். ஆட்டோ பிடிச்சுத் தரேன், பணத்தையும் திருப்பித் தந்துடறேன்."

சரி என்றேன். உண்மையைச் சொன்னால், தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

அப்போது அவர் போன் அடித்தது. சிப்ஸ் கடை அம்மாள் பதற்றத்தில் அவர் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டிருக்கிறாள். பக்கத்தில் இருந்த குழந்தை கேட்டுவிட்டது. மழைச் சத்தத்தையும் மீறி அந்தச் சின்னக் குரல் எனக்கே கேட்டது.

"அப்பா, சாலையில அம்மா வந்திருக்குன்னு சொல்றாங்க. கூட்டிட்டு வாங்க. நான் பாக்கணும்."

சிவகுமார் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றார். நான் இப்போது ஆட்டோவில் ஏறிப் போய்விட்டால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? அம்மா கடைத்தெரு வரை வந்தாள், வீட்டுக்கு வராமல் போய்விட்டாள் என்றுதானே வாழ்நாள் முழுக்க நினைப்பாள்? எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"வீட்டுக்குப் போகலாம் சார்" என்றேன்.

தம்பதி அங்கேயே விடைபெற்றுக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் கோட்டைக்குள் நடந்தோம். மழையில் மின்சாரம் போயிருந்தது. ஓட்டு வீடுகளின் வரிசை. சன்னல்களில் முகங்கள் தெரிந்தன, நாங்கள் நெருங்கியதும் மறைந்தன. ஒரு வீட்டில் கதவை உள்ளே தாழிடும் சத்தம் கேட்டது. நான் போகிற இடத்தில் எல்லாம் மனிதர்கள் ஒளிவதை அதற்கு முன் அனுபவித்ததில்லை. ஒரு கட்டத்தில் என் கையை நானே கிள்ளிப் பார்த்தேன்.

வாசலில் அவள் நின்றிருந்தாள், பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல். பெயர் நந்தனா. பின்னால் அவள் அத்தை எமர்ஜென்சி விளக்கைப் பிடித்திருந்தார். விளக்கு ஆடியதில் எங்கள் நிழல்கள் சுவரில் ஏறி இறங்கின. குழந்தை அழவில்லை, ஓடி வரவும் இல்லை. படியிலிருந்து இறங்கி என் எதிரே வந்து நின்றாள்.

"கொஞ்சம் குனியுங்க."

குனிந்தேன். என் வலது காதைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி முடியை ஒதுக்கிப் பார்த்தாள். கையை எடுத்து உள்ளங்கையை முகர்ந்தாள்.

"அத்தே" என்று திரும்பிச் சொன்னாள், "அம்மா இல்ல. கெஸ்டாக்கும். இலை போடுங்க."

அந்த மாலை முழுவதும் அந்த ஊர்க்காரர்களில் என்னை நானாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாப்பிட்டேன். மஞ்சள் நிறத்தில், துணிபோல மெல்லிய போளி. அதன்மேல் சூடான பால்பாயசத்தை ஊற்றி, பிசைந்து சாப்பிட வேண்டும். மதுரைக்காரிக்கு முதலில் விசித்திரமாக இருக்கும், இரண்டாவது வாயில் பழகிவிடும். நந்தனா எதிரே உட்கார்ந்து, என் ஊர், பிள்ளைகளின் பெயர், வங்கியில் பணத்தை எலி கடிக்குமா என்று வரிசையாகக் கேட்டாள். அத்தை மட்டும் ஒவ்வொரு முறை பரிமாற வரும்போதும் என் நிழல் தரையில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

கிளம்பும்போது மழை விட்டிருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரே..." என்று ஆரம்பித்தேன். நந்தனா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வரேன்னு சொல்லண்டா."

"ஏன்டா?"

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நான் உறங்கிட்டிருந்தேன். ஒண்ணும் சொல்லாமப் போயாச்சு. நீங்க அம்மா மாதிரி இருக்கீங்கல்ல. போறேன்னு மட்டும் சொல்லுங்க."

"ஐயோ மோளே, அப்படிச் சொல்லக் கூடாது" என்று அத்தை பதறினார். எங்கள் வீட்டிலும் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வாசல் தாண்டுவதில்லை. சிவகுமாரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார்.

"போறேன் நந்தனா" என்றேன்.

அவள் என் முகத்தை மறுபடி நன்றாகப் பார்த்தாள். "சரி, போங்க" என்றாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது வாசலில் அவள் இல்லை. உள்ளே சத்தமாக அழுதுகொண்டிருந்தாள். அப்பாவின் குரலும் கேட்டது. மாசியிலிருந்து அவள் அழவே இல்லை என்று சிவகுமார் பிற்பாடு போனில் சொன்னார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போக விரும்புபவர்களுக்கு: மதியம் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சாலையில் தண்ணீர் தேங்கும் என்பதால் ரப்பர் செருப்பு நல்லது. கோயிலுக்குள்ளும் போவதாக இருந்தால் சேலையோ வேட்டியோ வேண்டும், போனை வெளியே கொடுத்துவிட வேண்டும், அதைத் தனி நாளில் வைத்துக்கொள்ளுங்கள். சிவகுமாரின் நடை இப்போதும் நடக்கிறது. கடைசியில் போளியை மட்டும் தவறவிடாதீர்கள்.

என்னைத் துணைக்குக் கூப்பிட்டுச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். வேறு எந்த ஊருக்கும் வருகிறேன். அந்த வீட்டு வாசலுக்கு மட்டும் என்னால் வர முடியாது. நந்தனாவிடம் போறேன் என்று சொல்லியாகிவிட்டது.