பெயர் சொல்லும் ஜெபம்

மும்பை செம்பூர் வீட்டில் இன்று காலை, பிரசவத்துக்குக் கிளம்பிய மகள், "ஜெபம் பண்ணுங்கப்பா" என்று முன்னால் வந்து நின்றாள். எனக்குப் பழைய பயம் எழுந்தது.

சிறுவயதில், தாராவியில், தோல் பட்டறை நெடி அடிக்கும் எங்கள் ஒற்றை அறையில் மாலைதோறும் என் அப்பா குடும்ப ஜெபம் செய்வார். இறந்துபோன உறவினர்களின் வாழ்வுக்காக முதலில் நன்றி சொல்வார். பிறகு எங்களைப் பெயர் சொல்லிக் காக்க வேண்டுவார். அம்மாவின் ஆபரேஷனுக்கு முந்தின நாள், இறந்தவர்கள் வரிசையில் தாத்தா பெயருக்கு அடுத்து "எஸ்தர்" என்றார். அது அம்மாவின் பெயர்.

"அதுக்குள்ள என்னையப் பொட்டியில வச்சிட்டியளா?" என்று அம்மா சிரித்தாள். அப்பா வெளிறிப்போனார்.

வாய் தவறும்போது உள்மனம் பேசுகிறது என்று பின்னாளில் படித்தேன். அன்று அப்பாவின் பயம்தான் பேசியிருக்க வேண்டும். எங்களுக்கோ அது தீர்ப்பாகக் கேட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் அம்மா, "அவரு வேண்டாம், நீ ஜெபம் பண்ணுலே" என்றாள். அவள் பெயர் வரவேண்டிய இடத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. அம்மாவே அதைச் சொல்லி முடித்தாள். நலமாகத் திரும்பியும் வந்தாள். என் பயம் மட்டும் போகவில்லை.

இன்றும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். "உன் பெயரை நீயே சொல்லும்மா."

"வச்சதே நீங்கதானேப்பா, மறந்துட்டீங்களா?" என்று சிரித்த மகள், நான் சிரிக்காததைக் கண்டதும் மெல்லத் தன் பெயரைச் சொன்னாள்.