எலிக்கும் ஒரு 'வாங்க'

மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டில் நான்கு மாடுகள். மாட்டைத் தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மடியில் கை வைத்தால் உதைதான். மனிதருக்குப் போடும் 'ங்க'வைக் கன்றுக்குட்டிக்கும் போடுவோம். அந்தப் பழக்கத்தோடுதான் மலையாளிகள் நிறைந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்கு மூளை ஆராய்ச்சிக்குப் போனேன்.

"எலி புடிக்கறக்கா கண்ணு இத்தன வருசம் படிச்சே?" என்றாள் அம்மா. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குட்டியிலேயே தாயைப் பிரிந்த எலியின் மூளையில் பயம் எப்படித் தங்குகிறது என்று பார்க்கிறோம், மனிதரின் பதற்ற நோயைப் புரிந்துகொள்ள அது உதவும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். "செரி, சோறு உண்ணு" என்றாள்.

சோதனை எளிது. உயரத்தில் ஒரு பலகை. பாதிக்குச் சுவர் உண்டு, பாதி வெட்டவெளி. பயந்த எலி சுவரோரம் ஒண்டிக்கொள்ளும்; எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்வோம். கூட வேலை செய்த மற்றவர்கள் எலியைப் பலகையில் விட்டபோது தாயோடு வளர்ந்தவையும் சேர்ந்தே ஒண்டின. நான் விட்டால் பிரிந்தவை மட்டும் ஒண்டின. மற்றவை வெளியே உலாவின.

ஆய்வை நடத்திய டீச்சர் நம்பவில்லை. "எது எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொண்டே நேரம் குறித்தாயா?" என்று மலையாளத்தில் கேட்டார். பொய் எழுதினாயா என்பதை மரியாதையாகக் கேட்கிறார். இரண்டு வருட உழைப்பு குப்பைக்குப் போகப் பார்த்தது. பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னேன்.

மற்றவர்கள் வாலைப் பிடித்துத் தூக்குவார்கள். நான் கூண்டுக்குள் உள்ளங்கையை வைத்தேன். "வாங்க சாமி, ஒண்ணும் பண்ண மாட்டனுங்க. ஏறிக்கங்க." எலி மோந்து பார்த்து ஏறியது. டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி எல்லோரையும் கூப்பிட்டார். அதற்கப்புறம் அத்தனை பேரும் கையை நீட்டித்தான் எலியை எடுத்தார்கள். எந்த எலி எந்தக் கூட்டம் என்பது நேரம் குறித்தவர்களுக்குத் தெரியாது. எனக்கு வந்த அதே முடிவுதான் அவர்களுக்கும் வந்தது. தூக்குகிறவர்மேல் இருந்த பயம் போனதும், தாயைப் பிரிந்ததால் வந்த பயம் தனியாகத் தெரிந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இன்று ஆய்வுக்கூடச் சுவரில் புதியவர்களுக்கான விதிகளில் முதலாவது: கூண்டுக்குள் கையை வைத்து, 'வாங்க' சொல்லிக் காத்திருக்கவும். மலையாள எழுத்தில் என் ஊர் வார்த்தை. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

"மாட்டுக்குச் சொல்றதுதான? இதப் போயி செவுத்துல ஒட்டுனாங்களாக்கும்?" என்றாள். ஆனால் சாயங்காலம் பால் ஊற்ற சொசைட்டிக்குப் போனவள், வரிசையில் நின்ற ஒருவரையும் விடாமல் படத்தைக் காட்டியிருக்கிறாள்.

"எம்புள்ள எலி புடிக்கறாளுங்க" என்றாளாம்.