அம்மோனியா இல்லாமல் வந்த வெளிச்சம்

திங்கட்கிழமை காலை சோழவரத்தில் எங்கள் ஆய்வுக் கொட்டகையில் சோதனைக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டிலிருந்து யூசுப்பின் தம்பி வந்து வாசலிலேயே நின்றார். "அண்ணன் மவுத்தாயிட்டாருங்க. நேத்தே அடக்கம் பண்ணிட்டோம்" என்றார். எந்த அண்ணன் என்று கேட்டேன். "யூசுப் அண்ணன்தாங்க" என்றார். ஞாயிறு விடியற்காலைத் தொழுகைக்குக் கைகால் கழுவ உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். வயது முப்பத்தாறு. சனிக்கிழமை என்னிடம் சிரித்துப் பேசிவிட்டு பஸ் ஏறியவர்.

கல்லூரியில் அவரோடு பழகி, இன்று இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களுக்கு அவர் கலகலப்பான வேதியியல் விரிவுரையாளர். கொட்டகையில் அவர் வேறு ஆள். ஒரு நைட்ரஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஒட்டிய துணுக்கு, பல ஆயிரம் டிகிரிச் சூட்டில் எத்தனை விரைவாக உடைகிறது என்று அளப்பதே எங்கள் வேலை. நீண்ட இரும்புக் குழாயின் நடுவே மெல்லிய அலுமினியத் தகடு. ஒரு பக்கம் அழுத்தத்தை ஏற்றினால் தகடு வெடித்துக் கிழியும். அந்த அதிர்ச்சி அலை மறுபக்கத்து அம்மோனியாவைச் சுட்டு உடைக்கும். அப்போது பிறக்கும் துணுக்கின் ஒளி எப்படி மங்குகிறது என்று பதிவு செய்வோம். வெடிச்சத்தம் பொறுக்காமல்தான் கல்லூரி எங்களைப் பழைய விமான ஓடுதளத்தோரம் அனுப்பியது.

இரண்டு வருடம் உழைத்து, ஆய்விதழுக்கு அனுப்பக் கட்டுரையை உறையிலிட்டு ஒட்டியும் விட்டோம். செங்குன்றத்தில் சாப்பிட்டுவிட்டு நான் திரும்பியபோது உறை கிழிந்து மேசைமேல் கிடந்தது.

"அம்மோனியா உடாமலே அடிச்சேம்பா. அப்பவும் அதே வெளிச்சம் வருது" என்றார் யூசுப்.

குழாயின் மூட்டுகளில் தடவிய கிரீஸ் ஆவியாகி, அதன் கரி உள்ளே எஞ்சிய காற்றின் நைட்ரஜனோடு சேர்ந்து தந்த ஒளியையும் துணுக்கின் ஒளியாகக் கணக்கிட்டிருந்தோம். யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். எழுதவே கூசுகிறது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "நம்ம நம்பர நம்பிக்கினு இன்னொருத்தன் வருஷக்கணக்கா அலைவான். அவனுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. அவர் தனியாக ஒவ்வொரு மூட்டாகக் கழற்றிக் கழுவினார். பன்னிரண்டாம் நாள் போய் ஸ்பானரின் மறுமுனையைப் பிடித்தேன். நகர்ந்து இடம் கொடுத்தார், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்ததுண்டு. அவசரமில்லை என்றும் நினைத்தேன். சுத்தமான குழாயில் ஒளி பாதிகூட இல்லை. நம்பத்தக்க பதிவுகள் இதுவரை நான்கு.

போன மாதம் கல்லூரி முதல்வர் வந்து, இத்தனை நாளில் என்ன கண்டீர்கள் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யூசுப், "இன்னும் தெரியலீங்க ஐயா" என்றார். வெட்கப்படவுமில்லை, சாக்குச் சொல்லவுமில்லை. பிறகு முதல்வருக்குக் குழாயைச் சுற்றிக் காட்டினார்.

அந்தத் துணிவைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று ஆசிரியர் அறையில் அவர் இறந்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நெஞ்சுக்கோளாறு என்றார் ஒருவர், அளவுமீறிய உழைப்பு என்றார் இன்னொருவர். கூடவே இருந்தவன் என்று என்னிடம் கேட்டார்கள். தெரியவில்லை என்றேன்.