நான் "ஓடுது" என்று கத்தியது

மின்சாரக் காரை ஓடவிட்டபடியே வெளியிலிருந்து பூட்டும் வழியை நானாகவே கண்டுபிடித்திருந்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கார் ஆனில் இருக்கும்போது சாவியின் பொத்தானை அழுத்தினால் கதவு பூட்டாது, கீச்கீச்சென்று கத்தும். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் சாவிக்குள் அவசரத்துக்கென்று ஒரு சின்ன இரும்புச் சாவி செருகியிருக்கும். அதை மட்டும் உருவிக்கொண்டு, பிளாஸ்டிக்கை உள்ளேயே விட்டு, கதவிலுள்ள துளையில் திருகினால் சத்தமில்லாமல் பூட்டிக்கொள்ளும். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கும். போளூரில் எங்கள் வீட்டு வாசலில் செய்துபார்த்து, ஐந்து படிகளாக ஃபோனில் எழுதி வைத்திருந்தேன். ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. எழுதி வைத்த படிகளை நம்பிப் பழகியவள் நான்.

அன்று அக்காவுக்கு மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் தாலுகா அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஏழு மாதக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். மலையேறும் முன் அக்கா கண்ணை மூடி ஜெபம் செய்வாள், நான் டயரில் காற்றுப் பார்ப்பேன். அன்றும் இரண்டும் நடந்தன. வளைவுகளில் குழந்தை இரண்டு முறை பால் கக்கினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது பின்னிருக்கையில் பொருத்திய தன் குட்டி நாற்காலியில் அயர்ந்து தூங்கிவிட்டாள்.

சந்தை நாள். அலுவலகத்துக்குக் கீழே, இறங்கும் சரிவில், நிழலில்லாத ஓர் ஓரம்தான் கிடைத்தது. எழுப்ப வேண்டாம், எழுந்தால் பால் பவுடரைக் கலக்கிக் கொடு என்று சொல்லிவிட்டு அக்கா காகிதங்களோடு மேலேறிப் போனாள்.

அவள் போன பிறகுதான் பார்த்தேன், ஃபிளாஸ்க்கின் மூடி சரியாகத் திருகாமல் வெந்நீர் முழுவதும் பைக்குள் கொட்டியிருந்தது. சந்தைக்கு அந்தப்பக்கம் டீக்கடை தெரிந்தது. நூற்றைம்பது, இருநூறு அடி இருக்கும். உச்சி வெயிலில், கூட்டத்துக்குள், தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதா? என்னிடம்தான் ஐந்து படிகள் இருந்தனவே.

கியரைப் பார்க்கிங்கில் போட்டேன். கை பிரேக். ஏசி இருபத்தைந்தில். பிளாஸ்டிக் சாவி இருக்கை மேல். இரும்புச் சாவியைத் திருகிக் கதவைப் பூட்டினேன். கண்ணாடி வழியே ஒருமுறை பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்துத் திரையில் வெளிச்சம் இருந்தது. குழந்தையின் வயிறு ஏறி இறங்கியது. போனேன்.

டீக்கடையில் அடுப்பில் பால் இருந்தது, வெந்நீர் இல்லை. தனியாக வைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். நின்றேன். அங்கிருந்து பார்த்தால் தார்ப்பாய்களுக்கு நடுவே காரின் கூரை மட்டும் தெரிந்தது. கூரை அங்கே இருந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். நேரத்தைப் பார்க்கவில்லை. என் ஐந்து படிகளில் நேரம் என்று ஒன்று இல்லை.

ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டு திரும்பியபோது கூரையும் தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. பத்துப் பன்னிரண்டு பேர். ஓடினேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் இரண்டு கைகளாலும் ஒரு கருங்கல்லைத் தூக்கியபடி பின்கதவுக் கண்ணாடிக்கு நேரே நின்றிருந்தார். அது குழந்தை இருந்த பக்கம். அடித்தால் கண்ணாடி முழுதும் அவள் முகத்தில்தான் விழும். வண்டி அணைந்துவிட்டதென்று நினைக்கிறார்கள், இந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது என்று இவர்களுக்குத் தெரியாது என்று எனக்கு உடனே புரிந்தது. அதைச் சொல்ல ஒரே வார்த்தைதான் வாயில் வந்தது.

"வண்டி ஓடுது! ஓடுது!"

என் வேலையில் ஒரு கருவி ஓடுகிறது என்றால் அதில் மின்சாரம் இருக்கிறது என்று பொருள். மலைச் சரிவில் நிற்கும் வண்டியைப் பார்த்து ஒருத்தி ஓடுது என்று கத்தினால் அதற்கு வேறு பொருள். முன்னால் நின்ற பெண்கள் சிதறினார்கள். இரண்டு பேர் பம்பருக்குத் தோள்கொடுத்தார்கள். கல்லைத் தூக்கியிருந்தவர் அப்படியே குனிந்து அதை முன்சக்கரத்துக்கு அடியில் சொருகினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கார் அசையாமல் நின்றது, அவர்கள்தான் மூச்சு வாங்கினார்கள். பக்கத்தில் சாமை விற்றுக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்தார்.

"எங்க ஓடுது? நின்ன எடத்துலயே கீது."

"ஆன்ல இருக்குங்க. உள்ள ஏசி ஓடுது."

"இன்னா ஏசி? கொயந்த கத்திக் கத்தி இப்பதான் ஓஞ்சிது. நீயே பாரு."

பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது.

சாவி துளையில் இறங்கவில்லை. தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று தெரிய இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. கதவைத் திறந்ததும் வந்த காற்று, ஆய்வகத்தில் சூட்டுப் பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அதே காற்று. குழந்தையின் முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவளைக் கட்டியிருந்த பட்டையின் கொக்கியை நான் நூறு தடவை கழற்றியிருப்பேன், அன்று விரல் பழக்கத்தை மறந்துவிட்டது. சாமை விற்ற பெண் என்னை இடுப்பால் தள்ளிவிட்டுக் கொக்கியை எப்படியோ கழற்றி, குழந்தையைத் தன் தார்ப்பாய் நிழலுக்குக் கொண்டுபோனார். முந்தானையை நனைத்துக் கழுத்தையும் அக்குளையும் துடைத்தார். நான் ஃபிளாஸ்க்கோடு நின்றேன். உள்ளே வெந்நீர். எதற்கும் உதவாது.

நான்காவது முறை துடைத்தபோது அவள் அழுதாள். கரகரவென்று, தொண்டை கட்டிப்போன குரலில்.

கல் வைத்தவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை.

"நீ கத்தாம இருந்திருந்தா அப்பவே ஒடச்சிருப்பேம்மா. காத்தாவது உள்ள போயிருக்கும்."



ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்தப் பெண்ணே கூட வந்தார். யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுகூடக் கேட்காமல் சாமை மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். செவிலியர் குழந்தையின் உடற்சூட்டைப் பார்த்து, சிறிது நேரம் கழித்து மறுபடி பார்த்து, இறங்குகிறது என்றார். பால் குடித்தாள். ஈரமான டயப்பரைக் காட்டி, உடம்பில் நீர் வற்றவில்லை, நல்லது என்றார் செவிலியர். அதற்குள் அக்கா யாரோ சொல்லி ஓடிவந்துவிட்டாள்.

முழுவதும் சொன்னேன், விடாமல், நடந்த வரிசையில். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"வூட்டுல செஞ்சி பாத்தேன்னியே, எவ்ளோ நேரம் பாத்த?"

"ரெண்டு நிமிஷம்."

ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தால் சில நிமிடங்களில் வண்டி தானாக அணைந்துவிடும் என்பதைக் காரோடு வந்த கையேட்டில் பிறகு படித்தேன். ஒரே வரி. நான் பூட்டுக்குத்தான் சோதனை செய்திருந்தேன், ஏசிக்குச் செய்யவில்லை.

மாலையில் காருக்குத் திரும்பினோம். கல் இன்னும் சக்கரத்தடியில் இருந்தது. இரண்டு கையாலும் இழுத்து ஓரத்தில் வைத்தேன். தூக்க முடியாத கனம். அக்கா பின்னிருக்கையில் குழந்தையை ஒட்டி உட்கார்ந்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னாள். இறக்கினேன்.

"ஓடுதா?" என்று கேட்டாள்.

திரையில் பச்சை எழுத்து எரிந்தது. அதை வைத்து நான் பதில் சொல்லவில்லை. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்து, சக்கரம் ஓரடி உருண்ட பிறகு, "ஓடுது" என்றேன்.