சீனி போடாத பான்கேக்

எங்கள் மேல்வீட்டு பெர்னடெற் அக்காவின் அடுப்பை நிறுத்தியது அவருடைய மகள் ஷெறோன்தான். வேறு வழி இருக்கவில்லை. அதன் கீழிருந்த 'அவன்' என்ற வெதுப்பறைக்குள் வைத்ததை அக்கா மறந்துபோய், புடிங் கருகி, இல்ஃபோர்டில் எங்கள் கட்டடம் முழுக்கப் புகை மணத்தது. இரண்டாவது முறையும் அப்படி நடந்தபோது, ஷெறோன் பேர்மிங்காமிலிருந்து வந்து, அடுப்பின் சிவப்பு சுவிட்சை அணைத்து அதன்மேல் தடித்த ஒட்டுநாடா ஒட்டிவிட்டுப் போனார்.

"என்ரை புடிங்கைப் பறிச்சுப் போட்டாள்," என்று அக்கா படிக்கட்டில் போவோர் வருவோரிடமெல்லாம் முறையிட்டார். பிறகு சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டார்.

அக்கா ஜமெய்க்காவில் பிறந்தவர். சிறுமியாக லண்டனுக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஓய்வுபெறும்வரை வேலை செய்தவர். என் அம்மா கலாவதியோடு அவர் சிநேகமானது தமிழ்க் கடையொன்றில். சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையுமான வத்தாளங்கிழங்கை, அதாவது சர்க்கரைவள்ளியை, இருவரும் ஒரே கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசிய ஆங்கிலம் இரண்டு வகை. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

துருவிய கிழங்கு, தேங்காய்ப்பால், சிவப்புச் சீனி, சாதிக்காய், முந்திரிகை வத்தல். இதை மணிக்கணக்காக 'அவனி'ல் வேகவிட்டால் ஜமெய்க்கா புடிங். "'அவன்' அடுப்பு இல்லாட்டி என்ன, தோசைக்கல் இருக்குத்தானே," என்றார் அம்மா. அதே கலவையில் கொஞ்சம் மாவு சேர்த்து, சின்னச் சின்ன வட்டங்களாக ஊற்றிச் சுட்டார். பட்டம் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பித்தபடி வீட்டிலிருந்த நான் தட்டைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு மேலே போனேன்.

அக்கா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "இதென்ன, லொறி ஏறின புடிங்கோ?"

"சாப்பிடுங்கோ அக்கா."

"புடிங் எண்டால் நடுங்க வேணும், கலா. இது நடுங்குதோ?"

"நடுங்கத்தானே இந்த ஊர்க் குளிர் இருக்கு."

ஏசிக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டார். அதன்பிறகு அம்மா தினமும் சுட்டுக் கொடுத்தார்; சனிக்கிழமைகளில் அக்கா ஒன்றை மட்டும் அம்மாவிடம் அலுமினியத் தாளில் சுற்றித் தரச் சொல்லி எடுத்து வைப்பார். "ஷெறோனுக்கு. ஞாயிற்றுக்கிழமை வருவாள்." ஷெறோனுக்கு பேர்மிங்காமில் நர்ஸ் வேலை. பல ஞாயிறுகளில் ஷிப்ட் இருந்தது. திங்கட்கிழமை அம்மா போய், காய்ந்து இறுகிப்போனதை அக்காவுக்குத் தெரியாமல் குப்பையில் போடுவார்.

பெப்ரவரியில் அக்கா தூக்கத்திலேயே இறந்துபோனார். ஒன்பதாம் நாள் ஆட்கள் கூடி, சாப்பிட்டு, பாடி இறந்தவரை வழியனுப்புவது ஜமெய்க்காக்காரர் வழக்கம். ஷெறோன் அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டார். "அன்ரி, அம்மாவுக்குச் செய்து குடுத்த பான்கேக்கைக் கொண்டு வாறீங்களா? கடைசியா அவ என்ன சாப்பிட்டவ எண்டு நானும் சாப்பிட்டுப் பாக்கவேணும்."

அம்மா குளித்துவிட்டுச் சமைத்தார். சீனிப் போத்தலைத் தொடவேயில்லை. ஏன் என்று கேட்டேன்.

"செத்தவீட்டுக்கு ஆரும் இனிப்புக் கொண்டு போறதோ, பிள்ளை?"

எங்கள் வழக்கமே எனக்கு அரைகுறை. அவர்களுடையது அதைவிடக் குறைவு. தட்டைக் கழுவி எடுத்து வைத்தேன்.

மேலே மேசை நிறையக் கேக்கும் பன்னும் இருந்தன. ஷெறோன் எங்கள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். நெடுநேரம் மென்றார்.

"இதையா அம்மா சாப்பிட்டவ? இதிலை ஒரு ருசியும் இல்லையே, அன்ரி." அவர் குரல் உடைந்தது. "அடுப்பையும் பூட்டிப்போட்டு, இதோடையா நான் அவவை விட்டிட்டுப் போனனான்?"

அம்மா மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ, இது அது இல்லை. கொஞ்சம் பொறுங்கோ."

கீழே ஓடி, மிஞ்சியிருந்த மாவோடும் சீனிப் போத்தலோடும் வந்தார். தோசைக்கல் என் கையில். குசினியில் சிவப்பு சுவிட்சின்மேல் ஒட்டுநாடா அப்படியே இருந்தது. ஷெறோன் நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதை உரித்து, சுவிட்சைப் போட்டார்.

சாதிக்காயும் சீனியும் சூடேறி மணத்தன. முதலாவதைக் கல்லிலிருந்தே எடுத்து, விரல் சுடச் சுடச் சாப்பிட்டார் ஷெறோன்.

"அவவுக்கு இது பிடிச்சதா?"

"ஒவ்வொரு நாளும் ஏசி ஏசித்தான் சாப்பிட்டவ."

ஷெறோன் சிரித்தார். கன்னம் நனைந்திருந்தது. அடுத்ததை எடுத்த அம்மாவின் கை, பழக்கத்தில் அலுமினியத் தாளைக் கிழித்து அதைச் சுற்றிவிட்டது.

"அது ஆருக்கு, அன்ரி?"

"உங்களுக்கு. எப்பவும் ஒண்டு உங்களுக்கெண்டு எடுத்து வைப்பா. ஞாயிற்றுக்கிழமை வருவியள் எண்டு."

"நான் வராட்டி?"

"நாங்கள் சாப்பிட்டிடுவம்," என்றார் அம்மா.

ஷெறோன் என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன்.