எதால் வகுபடும் என்று தெரியாத எண்

கஜா புயல் பேராவூரணிப் பக்கம் சாய்த்துப்போட்ட தென்னந்தோப்புகளில் அறிவுமதியின் தோப்பும் ஒன்று. விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. அவன் மனைவி ராஜாத்திக்கு அதுதான் பயமாக இருந்தது.

கணிதம் படித்துவிட்டு அப்பாவின் தோப்புக்கே திரும்பி வந்தவன் அவன். உள்ளறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை ராப்பகலாக ஓடவிட்டிருந்தான். மிகப் பெரிய பகா எண்ணைத் தேடுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம். ஆளுக்கோர் எண்ணைப் பங்கு போட்டுக்கொள்வார்களாம். இவன் பங்குக்கு வந்த எண்ணை எழுதினால் இரண்டு கோடி இலக்கங்களுக்கு மேல் போகும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாவிட்டால் அது பகா எண்.

"அப்படி அமைஞ்சா அதுலேருந்து ஒரு நிறைவெண்ணும் பிறக்கும் ராஜாத்தி. ஆறு இருக்குல்ல, அது மாதிரி. அதை வகுக்குற சின்ன எண்ணுங்க ஒண்ணு, ரெண்டு, மூணு. கூட்டிப் பாரு, ஆறே வரும்."

"கரண்ட் பில்லுதான் பிறக்கும்" என்பாள் அவள்.

புயலுக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. விழுந்த மரங்களை அறுத்து அள்ள ஆட்கள் வந்தபோதும் அவன் தோப்புப் பக்கம் போகவில்லை. விளக்கு எரிந்த அன்றுதான் எழுந்து உள்ளறைக்குப் போனான்.

"மறுபடி மொதல்லேருந்தா?"

"இல்ல. விட்ட எடத்துலேருந்து."

அவன் வாயைத் திறந்ததே பெரிதாக இருந்தது அவளுக்கு. அன்றிலிருந்து கம்ப்யூட்டரை அவளே பார்த்துக்கொண்டாள். ஓடு ஒழுகிய இடத்திலிருந்து மேசையை நகர்த்தினாள். காலையில் காபி கொடுக்கும்போது, "எதுவரைக்கும் வந்துருக்குங்க?" என்று கேட்டாள். அந்த எண் தேறிவிட்டால் இவனும் தேறிவிடுவான் என்று எப்படியோ மனசில் விழுந்துவிட்டது. மாரியம்மனிடம் எண் என்று சொல்லக் கூச்சப்பட்டு, "அவரு காரியம் நல்லபடியா முடியணும்" என்று வேண்டிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க?"

"பகா எண் இல்ல. வகுபடுமாம்."

"எதால?"

"தெரியாது."

"இவ்வளவு நாளு ஓடிச்சே, அதுகூடவா சொல்லாது?"

"இந்தச் சோதனை அதைச் சொல்லாது. வகுபடும்னு மட்டும் சொல்லும். எதாலன்னு யாருக்கும் தெரியாமலே போனாலும் போகும்."

அவன் குரலில் வருத்தமே இல்லை. லட்சத்தில் ஒன்று தேறினாலே அதிசயம் என்பது அவனுக்கு முதலிலேயே தெரியும். அவளிடம்தான் சொல்லவில்லை. அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். அவன் வாசற்படியில் வந்து நின்றான்.

"நீ ஏன் அழுவுற?"

"வேற எண்ணு வாங்குங்க."

"போதும் ராஜாத்தி."

உள்ளே போய் பிளக்கைப் பிடுங்கினான்.

தை கழிந்ததும் சொந்தக்காரர் ஒருவர் மூலமாகச் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். போனில் சாப்பாடு பற்றி, மழை பற்றிப் பேசுவான். தோப்பைப் பற்றிக் கேட்பதில்லை. அங்கே கருவை முள் மண்டிவிட்டதை அவளும் சொல்வதில்லை.