ஏலக்காரி நூகாலம்மாவின் தகடு

வானபாலெம் கரையில் படகு ஒதுங்கினால் வியாபாரிகள் முதலில் மீனைப் பார்க்க மாட்டார்கள். நூகாலம்மா வந்துவிட்டாளா என்றுதான் பார்ப்பார்கள். ஏலம் கூறுவது அவள்தான். எதிர்க்காற்று எவ்வளவு அடித்தாலும் அவளுடைய "ஒரு தரம்" கடைசிப் படகு வரைக்கும் கேட்கும். அவள் கணவன் எர்ரய்யா நடுக்கடலில் இருந்தபடியே தன் வஞ்சிரம் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வான் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

அந்தக் கரையில் ஆணும் சுருட்டுப் பிடிப்பான், பெண்ணும் பிடிப்பாள். ஆனால் பெண்கள் பற்றவைத்த முனையை வாய்க்குள் வைத்துக்கொள்வார்கள். தலையில் கூடை, இடுப்பில் பிள்ளை, முகத்தில் உப்புக்காற்று. நெருப்பு வெளியே இருந்தால் அணைந்து தொலைக்கும், சாம்பல் மீனில் விழும். உள்ளே இருந்தால் தொந்தரவே இல்லை. நூகாலம்மா பதினாறு வயதில் பழகினாள், ஐம்பத்திரண்டு வரை விடவில்லை. மேலண்ணம் வெந்து தடித்துப்போவதை அங்கே யாரும் நோயாக நினைப்பதில்லை. காரம் பட்டால் எரியும், கொஞ்சம் தண்ணீர் குடித்தால் அடங்கும், அவ்வளவுதான். அதனால் அண்ணத்தில் வந்த புண் நாலு மாதம் ஆறாமல் கிடந்தபோதும் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவளை விசாகப்பட்டினத்துக்கு அனுப்பியது ஒரு சொத்தைப் பல். அந்தப் பல்லுக்கு அவள் இன்றைக்கும் நன்றி சொல்வாள். பல் பிடுங்க உட்கார்ந்தவளிடம் டாக்டர் ஹிமபிந்து வாயைத் திறக்கச் சொன்னாள். விளக்கை மேலே திருப்பியதும் பல்லை மறந்துவிட்டாள். சுருட்டை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டாள். நூகாலம்மா ஒரு பேனாவை வாங்கி வாய்க்குள் திருப்பி வைத்துக் காட்டினாள். டாக்டர் சிரிக்கவில்லை. புண்ணிலிருந்து கடுகளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். பத்து நாள் கழித்துப் புற்றுநோய் என்று சொன்னபோது எர்ரய்யாதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். நூகாலம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏலம் கூற முடியுமாம்மா?"

"உசிரோட இருந்தா அதையும் பாத்துக்கலாம்மா" என்றாள் டாக்டர்.

மேலண்ணத்தின் வலது பாதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு முப்பது நாள் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்ட், வைத்தார்கள். நாக்கு வறண்டு, தொண்டை வெந்து, கேழ்வரகு அம்பலிக் கூழைக்கூட ஸ்பூன் ஸ்பூனாகத்தான் இறக்க முடிந்தது. அதில் பாதி மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பேச வாயைத் திறந்தால் சொல்லும் மூக்கு வழியாகவே போனது. எர்ரய்யாவுக்கே புரியவில்லை. அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

அந்தப் பள்ளத்தை அடைக்கத் தகடு செய்து கொடுத்தவர் சத்திபாபு. பல் செட்டு செய்கிற மனிதர், நிதானமான ஆள். ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லிச் சோதிப்பார். நூகாலம்மா தெளிவாகத்தான் எண்ணினாள். அவருக்குத் திருப்தி. அவளுக்கு இல்லை. இந்தப் பத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, எழுந்து நின்று, இல்லாத கூடை வஞ்சிரத்துக்கு ஏலம் கூற ஆரம்பித்தாள். இரண்டாவது தரத்தில் காற்று கசிந்து குரல் உடைந்தது. சத்திபாபு தகட்டை வாங்கி ஓரத்தைச் சரிசெய்தார். மூன்று முறை அப்படி. நாலாவது முறை "மூணு தரம்" என்று அவள் முடித்தபோது, வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு நோயாளி அந்தக் கூடையை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று குரல் கொடுத்தார். சத்திபாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பெற்ற தாய் கொடுத்தது ஒரு வாய், இந்த மனுஷன் கொடுத்தது இன்னொரு வாய் என்று நூகாலம்மா ஊரெல்லாம் சொன்னாள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்றிருந்தார்கள். ஒரு தவணையும் அவள் தவறவிடவில்லை. ஆனால் மூன்றாவது தவணைக்குப் போவதற்குள் ஒரு கூத்து நடந்தது. அவளுடைய நாத்தனார் போலம்மாவுக்கும் கரையில் மீன் வியாபாரம். வாய்த்துடுக்கும் உண்டு. நெருப்பை உள்ளே வைத்ததுதானே கெடுத்தது, ஆம்பிளைகள் மாதிரி வெளியே வைத்துக்கொள்ளேன் என்று யோசனை சொன்னாள். நூகாலம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அண்ணத்தைச் சுட்டது நெருப்புதான் என்று டாக்டரும் சொல்லியிருந்தாளே. அதனால் சுருட்டைத் திருப்பி வைத்துப் பிடித்தாள். மருத்துவமனையில் அதைப் பெருமையாகவும் சொன்னாள்.

டாக்டர் அவள் உதட்டை மடக்கிப் பார்த்தாள். உட்பக்கம் வெள்ளையாக ஒரு படை.

"தப்பு என்னோடதும்மா. நெருப்பு நெருப்புன்னே சொன்னேன், புகையிலைன்னு சொல்லவே இல்ல. விஷம் அந்த இலையிலதான் இருக்கு."

திட்டியிருந்தால் நூகாலம்மா பதிலுக்குப் பேசியிருப்பாள். அவ்வளவு படித்த பெண் தன் மேலேயே தப்பைப் போட்டுக்கொண்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த சுருட்டுகளை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். மறுபடியும் கடுகளவு சதை எடுத்தார்கள். மறுபடியும் பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவள் தகட்டைக் கழுவும்போதெல்லாம், இன்னும் எவ்வளவை வெட்டுவார்களோ என்று நாக்கால் மிச்சத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வெறும் படைதான், புற்று இல்லை என்று வந்தது. சுருட்டை விட்டால் அடங்கிவிடும். சிம்மாசலம் அப்பண்ணா சாமிக்கு முடி இறக்குவதாக எர்ரய்யா அங்கேயே நின்று வேண்டிக்கொண்டான்.

மறுநாள் காலை படகுகள் வந்தன. கூடைகளைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள், எல்லார் வாயிலும் உள்நெருப்பு. நூகாலம்மா சுருட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே போலம்மா மடக்கினாள்.

"உனக்கென்னடி, வாய்க்குள்ள பட்டணத்துத் தகடு. ராணி மாதிரி கத்துற. எங்களுக்கு எதுக்கு புத்தி சொல்ற?"

அந்தத் தகட்டை எர்ரய்யாவைத் தவிர யார் முன்னாலும் அவள் கழற்றியதில்லை. இப்போது கழற்றினாள். முந்தானையில் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஏலம் கூறினாள். குரல் மூக்குக்குள் சிக்கிக் குழறியது. நாலடி தூரம்கூடப் போகவில்லை. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அவள் நிறுத்தவில்லை, திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். மூன்றாவது தடவை எல்லாருக்கும் விளங்கியது.

"இந்தக் குரல யாரு எடுத்துக்கிறீங்க? ஒரு தரம். ரெண்டு தரம்."

யாரும் விலை கேட்கவில்லை. மூன்றாவது தரத்தை அவள் சொல்வதற்கு முன்னால் போலம்மா வாயிலிருந்து சுருட்டை எடுத்து ஈரமணலில் போட்டாள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஏழு பெண்கள் போனார்கள். ஆறு பேருக்குப் பயமில்லை. போலம்மாவின் அண்ணத்தில் மட்டும் வெள்ளைக்கு நடுவே சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. சோதனையில் ஆரம்ப நிலைப் புற்று என்று தெரிந்தது. கொஞ்சம் சதையை வெட்டியதோடு முடிந்தது. எலும்பைத் தொடவில்லை, கரண்டும் தேவைப்படவில்லை. இவருக்குத் தகடே வேண்டாம் என்று சத்திபாபு சொன்னபோது நூகாலம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்போது நாத்தனாரும் அவளும் ஒரே நாளில்தான் காட்டப் போகிறார்கள். பஸ்ஸில் போலம்மா முதலில் ஏறி, சன்னலோர இடத்தைப் பிடித்து, அதை நூகாலம்மாவுக்குக் கொடுக்கிறாள். முப்பது வருஷத்தில் அவள் யாருக்கும் அந்த இடத்தை விட்டுக்கொடுத்ததில்லை.